லெவலிங் கிட்: "சமன்படுத்தி" வேண்டாம், "முன்னுயர்த்தி" எனலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

> பின்னால் திறந்த சரக்குத் தொட்டி உள்ள பிக்கப் வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தும் லெவலிங் கிட்டுக்குத் தமிழ்ச் சொல்லாக இதுவரை "சமன்படுத்தி", "மட்டக்கருவி" என்று இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. அமெரிக்காவில் பிக்கப் வாங்கும் நம்மவர்களுக்கான டயர் வழிகாட்டியில் எதைப் போடலாம்?

இரண்டுமே வேண்டாம் என்பேன். பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

ஃபோர்டு எஃப்-150, ராம் 1500, செவர்லே சில்வராடோ போன்ற வண்டிகள் பொதுவாகத் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே முன்பக்கம் சற்று இறங்கியும் பின்பக்கம் தூக்கலாகவும் நிற்கும். தொட்டியில் சரக்கு ஏற்றினாலோ டிரெய்லர் மாட்டினாலோ பின்பக்கம் அமுங்கும். அப்போது வண்டி நேராக நிற்கட்டும் என்றே அந்த உயரத்தை விட்டிருக்கிறார்கள். முன்பாரம், பின்பாரம் பார்த்து மாட்டுவண்டியில் மூட்டை அடுக்குவார்களே, அதே கணக்குதான். இந்த இறக்கத்துக்கு "முன்தாழ்வு" என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன்.

லெவலிங் கிட் முன்பக்கத்தை மட்டும் உயர்த்துகிறது. பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை அங்குலம் வரை. பல வண்டிகளில் அது ஸ்ட்ரட்டின் (சுருள்வில்லோடு சேர்ந்த அதிர்வுதாங்கியின்) தலையில் வைத்து முடுக்கும் ஒரு கனத்த வளையம், அவ்வளவே. தொட்டி காலியாக இருக்கும்போது வண்டி மட்டமாக நிற்கும். நல்ல பாரம் ஏற்றினால் பின்பக்கம் இறங்கி மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், முகப்பு விளக்கின் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். விளக்கின் கோணத்தைத் திருத்தாமல் விடக்கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. முன்பக்கம் உயரும்போது சக்கரங்களின் கோணமும் மாறுவதால் அலைன்மென்ட்டையும் திருத்த வேண்டும். ஆக, "சமன்படுத்தி" என்னும் பெயர் தொட்டி காலியாக இருக்கும்போது மட்டும் நடப்பதற்கு எப்போதைக்குமான உறுதி கொடுக்கிறது. போதாக்குறைக்கு, டயர்க் கட்டுரையில் "சமன்" என்றாலே வாசகருக்கு வீல் பேலன்சிங் நினைவுக்கு வரும். "மட்டக்கருவி" என்றால் கொத்தனாரின் ரசமட்டம்தான் கண்முன் நிற்கும், "மட்டமான" என்ற பொருளும் கூடவே ஒட்டிக்கொள்ளும்.

என் பரிந்துரை "முன்னுயர்த்தி". முன்பக்கத்தை மட்டும் உயர்த்துவது என்று சொல்லே சொல்லிவிடுகிறது. நான்கு பக்கமும் தூக்கும் லிஃப்ட் கிட்டுக்கு இணையாக "முழு உயர்த்தி" என்று வைத்துக்கொள்ளலாம். "முன்தூக்கி" என்றும் யோசித்தேன். ஆனால் "மின்தூக்கி" ஏற்கெனவே வேரூன்றிய சொல். ஓர் உயிர்க்குறி மாறினால் பொருளே மாறிவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

பெயரில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். கிட் போட்டாயிற்று, இனி எந்த டயரும் கொள்ளும் என்று நம்பி 35 அங்குல டயரை வாங்கிவிடுகிறார்கள். எஃப்-150-இல் பரவலாக வரும் 275/65 ஆர்18 அளவை எடுத்துக்கொள்வோம். அகலம் 275 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 65 விழுக்காடு, ரிம் 18 அங்குலம். ரிம்மோடு மேலும் கீழும் உள்ள பக்கச்சுவரைக் கூட்டினால் விட்டம் ஏறக்குறைய 32 அங்குலம். 275/70 ஆர்18 போட்டால் 33 அங்குலத்தைத் தாண்டும், அகலம் மாறாது. முன்னுயர்த்தி போட்ட வண்டிக்கு, அதே ரிம்மில், இதைத்தான் வழிகாட்டி முதலில் சொல்ல வேண்டும் என்பது என் துணிபு. 35 × 12.50 (அங்குலத்தில் விட்டம், அகலம்) என்றால் விட்டம் 3 அங்குலம் கூடுவதோடு அகலமும் 317 மில்லிமீட்டருக்கு வந்துவிடுகிறது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். சக்கரக் குழியின் பின்கீழ் ஓரத்தில் பிளாஸ்டிக் உறையை டயரின் தோள் சுரண்டும். நின்ற வண்டியில் உரசாதது, சாலைப் பள்ளத்தில் இறங்கி சஸ்பென்ஷன் அமுங்கும்போது உரசும். முன்னுயர்த்தி நிற்கும் உயரத்தைத்தான் கூட்டுகிறது, சக்கரக் குழியை அகலமாக்குவதில்லை.

வேகமானியும் ஏமாற்றும். 32-க்குப் பதில் 35 ஓடும்போது, திருத்தி அமைக்காத மீட்டர் 60 மைல் காட்டினால் உண்மை வேகம் 65-ஐ ஒட்டி இருக்கும். அச்சின் பல்சக்கர விகிதம் 3.55 என்றால் அது 3.25 போல நடந்துகொள்ளும், இழுவை குறையும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் ஸ்டெப்னியும் அதே விட்டம் இருப்பது நல்லது. டயர் தாங்கும் எடையைச் சொல்லும் சுமைக் குறியீட்டைக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளோடு ஒப்பிட்டே வாங்க வேண்டும்.

அன்புடன்.

> கடையில் யாரும் "முன்னுயர்த்தி கொடுங்கள்" என்று கேட்கப் போவதில்லையே ஐயா. "லெவலிங் கிட்" என்றே எழுதினால் என்ன? "கிளியரன்ஸ்" என்பதற்கும் சொல் வேண்டும். "இடைவெளி" போதுமா?

கேட்டது நியாயம் தம்பி. கடையில் புழங்கும் பெயர் வாசகர் கையில் இருந்தே ஆக வேண்டும். ஆகவே முதல் முறை "லெவலிங் கிட் எனப்படும் முன்னுயர்த்தி" என்று எழுதிவிட்டு, அதற்குப் பின் தமிழ்ச் சொல்லையே ஆளலாம். டயர், ரிம், ஸ்ட்ரட் மூன்றையும் அப்படியே விடுவோம். மக்கள் நாவில் பழகியவை அவை.

"இடைவெளி" போதாது. இங்கே இரண்டு வெவ்வேறு வெளிகள் இருக்கின்றன. வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவே இருப்பது ஒன்று, அது "தரைவெளி". டயருக்கும் சக்கரக் குழிக்கும் நடுவே இருப்பது மற்றொன்று, அது "சக்கரவெளி". பெரிய டயர் முதலாவதைக் கூட்டும், இரண்டாவதைத் தின்னும். பின் அச்சில் தொங்கும் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) உருண்டையைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர் ஒன்றுதான், கிட் அல்ல. விட்டம் 3 அங்குலம் கூடினால் அங்கே கிடைப்பது ஒன்றரை அங்குலம். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் இந்த வாக்கியத்தையே தமிழில் எழுத முடியாது.

மீதமிருப்பது ரிம்மின் "ஆஃப்செட்", அதாவது வண்டியோடு பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்னும் அளவு. டயர் உள்ளே சஸ்பென்ஷனின் மேல் கட்டுப்பாட்டுக் கையில் இடிக்குமா, வெளியே ஃபெண்டர் விளிம்பில் உரசுமா என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அது. "விலக்கம்" புள்ளியியலுக்குப் போய்விட்டது. "நடுத்தள்ளல்" என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். மில்லிமீட்டரில் கூட்டல், கழித்தல் குறியோடு வரும் அளவு என்பதால் இரு திசைக்கும் பொருந்தும் சொல்லாகப் பார்த்து எழுதுங்கள்.