லேப் வசதி இல்லாத காலத்தில் தொற்று யாரிடமிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

செவ்வந்தி:
நான் கிராம சுகாதார செவிலியர். ஒரு வீட்டில் மஞ்சள் காமாலை என்றால் போன மாதம் எங்கெல்லாம் போனீர்கள் என்று கேட்போம், பாதிப் பேருக்கு நினைவே இருக்காது. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இங்கிலாந்தில் ஒரு கிராமத்து டாக்டர் தனியாளாக இதைச் செய்தார் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். யார் அவர்?

மலைப்பாதை:
வில்லியம் பிக்கிள்ஸ். யார்க்‌ஷரில் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கு, ஐஸ்கார்த் என்ற ஊர். 1929இல் அங்கே காமாலை பரவியபோது சுமார் 5,700 பேரில் 250 பேருக்கு வந்தது. ஒரு நாள் காலையில் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வருகிறார், மதியம் பார்த்தால் அவள் ஊர் விழாவில் நிற்கிறாள்! சுமார் ஒரு மாதம் கழித்து, அந்த விழாவுக்கு வந்தவர்கள் சிலர் படுத்தார்கள். இப்படிச் சேர்த்த கணக்கிலிருந்துதான் தொற்றி 26 முதல் 35 நாளில் நோய் வெளிப்படும் என்று சொன்னார். அந்த வைரஸை மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததே 1973இல்தான், நினைத்தால் எனக்கு இன்னும் புல்லரிக்கிறது.

கடலோரம்:
எனக்கு ஒரு சந்தேகம் அண்ணே. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு என்றைக்குத் தொற்றியது என்று எப்படித் தெரியும்?

மலைப்பாதை:
தெரியாது தம்பி, அதனால்தான் அவர் ஒரே ஒரு தடவை, அதுவும் கொஞ்ச நேரமே சந்தித்த ஆட்களைத் தேடிப் பிடித்தார், அப்போதுதானே தொற்றிய நாள் உறுதியாகக் கிடைக்கும். ஒதுக்குப்புறமான ஊர், யார் எந்தச் சந்தைக்குப் போனார் என்பது எல்லோருக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். சென்னையில் பஸ் ஏறி இறங்கினாலே கணக்கு போச்சு.

வெண்பனி:
அவர் மனைவி கெர்ட்டியை விட்டுவிட்டீர்களே. எந்த ஊரில் யாருக்குத் தட்டம்மை, யாருக்கு அம்மைக்கட்டு என்று நாள்தவறாமல் அட்டவணையில் குறித்து வைத்தவர் அவர். 1939இல் வந்த பிக்கிள்ஸின் புத்தகத்துக்கு அடிப்படையே இந்தக் குறிப்புகள்தான். அந்தம்மா பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லவே கூடாது என்பேன்.

செவ்வந்தி:
ரொம்ப நன்றி. விழா நாள் விஷயம்தான் மனதில் நிற்கிறது. சரி, இனி நானும் தேதி கேட்கப் போவதில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனீர்கள், எந்தக் கோயில் கொடையில் சாப்பிட்டீர்கள், அப்புறம் உங்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதப் போகிறேன்.