நூடுல்ஸுடன் வதக்கும் மாட்டிறைச்சி மென்மையாக வர என்ன செய்ய வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மெல்லியதாக நறுக்கிய மாட்டிறைச்சியைக் காய்கறிகளோடும் நூடுல்ஸோடும் சேர்த்து வதக்கும்போது, உணவகங்களில் கிடைக்கும் அந்த மென்மை வீட்டில் கைகூடுவதில்லை. இரவு முழுவதும் சோயா சாஸில் ஊறிய இறைச்சிகூட வாணலியில் நீர் விட்டு, சாம்பல் நிறமாகி, மெல்ல முடியாதபடி விறைத்துப் போகிறது. நூடுல்ஸும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகிறது. எந்தப் பகுதி இறைச்சி இதற்கு ஏற்றது, எவ்வளவு நேரம் ஊற வேண்டும், சமையல் சோடா சேர்க்கலாமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும். நால்வருக்காக அரைக் கிலோ இறைச்சி எடுக்கிறேன். இருப்பது சாதாரண எரிவாயு அடுப்பு.

மறுமொழி 1

வணக்கம். ஊறவைப்பதைப் பற்றி யோசிப்பதற்கு முன் கத்தியைக் கவனியுங்கள். இந்த உணவில் மென்மையின் பெரும்பகுதி நறுக்கும் பலகையிலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. இறைச்சித் துண்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் அதன் நார்கள் ஒரே திசையில் இழையிழையாக ஓடுவது தெரியும். அந்தத் திசையிலேயே நறுக்கினால் நீண்ட நார்கள் அப்படியே துண்டில் தங்கிவிடும், அவற்றை அறுக்கும் வேலை பல்லுக்கு வந்து சேரும். குறுக்கே நறுக்கினாலோ ஒவ்வொரு நாரும் சில மில்லிமீட்டர் நீளத்துக்குக் குறைந்துவிடுவதால், வாயில் வைத்ததும் துண்டு எளிதில் பிரியும்.

ஃபிளாங்க் எனப்படும் அடிவயிற்றுப் பகுதியில் நார்கள் தெளிவாகத் தெரிவதால் பழகுவதற்கு அது நல்லது; பின்முதுகுப் பகுதியான சர்லாயினும் ஏற்றது. முதலில் நாரின் திசையிலேயே 5 செ.மீ. அகலப் பட்டைகளாகப் பிரித்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு பட்டையையும் குறுக்கே 3 அல்லது 4 மி.மீ. தடிமனில் சீவுங்கள். இறைச்சியை உறைபெட்டியில் அரை மணி நேரம் வைத்துச் சற்றே இறுக விட்டால் கத்தி வழுக்காது, துண்டுகளும் ஒரே சீராக விழும். காலின் கீழ்ப்பகுதி இறைச்சியை இதற்கு வாங்காதீர்கள். அதிலுள்ள இணைப்புத் திசு மணிக்கணக்கில் ஈரச் சூட்டில் வெந்தால்தான் இளகும் என்பதால், இரண்டு நிமிட வதக்கலுக்கு அது ஒருபோதும் இணங்காது.

மறுமொழி 2

மேலே சொன்னது முழுக்கச் சரி. சோடாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் அளவு முக்கியம். அரைக் கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவை இரண்டு மேசைக்கரண்டி நீரில் கரைத்துப் பிசறி, கால் மணி நேரம் கழித்து நன்றாகக் கழுவி, ஈரம் போக ஒற்றி எடுங்கள். சோடாவின் காரத்தன்மையால் இறைச்சியின் புரதங்கள் சூட்டில் இறுகப் பிணைய முடிவதில்லை. அதனால் உள்ளிருக்கும் நீர் பிழிந்து வெளியேறுவது குறைகிறது. அளவு மிஞ்சினால் சோப்பு போன்ற சுவையும் கொழகொழப்பும் வந்துவிடும்.

அடுத்து, ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி சோள மாவு, அரைத் தேக்கரண்டி சர்க்கரை, கடைசியாக ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துக் கையால் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். சீனச் சமையலில் நெடுங்காலமாக உள்ள முறை இது. சோள மாவு இறைச்சியின் மேல் மெல்லிய உறையாகப் படிந்து நேரடிச் சூட்டைத் தணிக்கிறது, பின்னர் சாஸும் அதில்தான் பற்றி நிற்கிறது. இவ்வளவு மெல்லிய துண்டுகளுக்கு இரவு முழுவதும் ஊறல் தேவையில்லை. எலுமிச்சைச் சாறு, வினிகர் போன்ற புளிப்புகளில் நீண்ட நேரம் ஊறவைத்தால் மேற்பரப்பு மாவாகக் குழைந்துவிடும்.

மறுமொழி 3

இறைச்சி நீர் விட்டுச் சாம்பல் நிறமாவதற்குக் காரணம் அரைக் கிலோவையும் ஒரே தடவையில் கொட்டுவதாகத்தான் இருக்கும். குளிர்ந்த இறைச்சி மொத்தமாக விழுந்ததும் வாணலியின் சூடு இறங்கிவிடுகிறது. கசியும் நீர் வற்றும்வரை அங்கே வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது, எனவே இறைச்சி வதங்காமல் வேகிறது. வீட்டு அடுப்பின் தீ உணவக அடுப்புக்கு ஈடாகாது என்பதால், மூன்று பங்காகப் பிரித்துச் சமையுங்கள். இரும்பு வாணலியில் எண்ணெய் லேசாகப் புகையத் தொடங்கும்போது ஒரு பங்கைப் பரப்பி, முக்கால் நிமிடம் கிளறாமல் விட்டு, அடிப்புறம் சிவந்ததும் திருப்பிப் போட்டு, இன்னும் சிறிது இளஞ்சிவப்பு தெரியும்போதே தட்டில் எடுத்துவிடுங்கள். கடைசியில் சாஸோடு சேரும்போது மீதி வெந்துவிடும்.

கோதுமை நூடுல்ஸைப் பொட்டலத்தில் குறித்த நேரத்தைவிட ஒரு நிமிடம் முன்னதாகவே வடித்து, குளிர்ந்த நீரில் அலசி மேல்மாவைப் போக்கி, நீர் முழுவதும் வடிந்தபின் ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவி வைத்தால் ஒட்டாது. உலர்ந்த தட்டை அரிசி நூடுல்ஸாக இருந்தால் கொதிக்க வைக்காமல், வளையும் பதம் வரும்வரை வெந்நீரில் ஊறவைத்தால் போதும்.

இஞ்சியும் பூண்டும் முதலில், பிறகு கேரட், குடைமிளகாய், அடுத்து நூடுல்ஸ், சாஸ், கடைசியில் இறைச்சியும் தட்டில் தேங்கிய சாறும் என்ற வரிசையை மாற்றாதீர்கள். சாஸுக்கு இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி ஆய்ஸ்டர் (சிப்பி) சாஸ், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, மூன்று மேசைக்கரண்டி நீர் ஆகியவற்றை முன்கூட்டியே கலந்து வையுங்கள். தீ கொழுந்துவிட்டு எரியும்போது புட்டிகளைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நாரின் திசையை நான் கவனித்ததே இல்லை. என்னிடம் இருப்பது நான்ஸ்டிக் வாணலிதான். அதில் இவ்வளவு தீ வைக்கலாமா?

மறுமொழி 3

வேண்டாம். வெறும் நான்ஸ்டிக் வாணலியை அதிகத் தீயில் காயவைத்தால் அதன் பூச்சு சிதைந்து தீங்கான புகை வரக்கூடும். அடிகனமான இரும்புத் தோசைக்கல் இருந்தால் இறைச்சியை மட்டும் அதில் சுட்டெடுத்து, காய்கறியையும் நூடுல்ஸையும் நடுத்தரத் தீயில் உங்கள் வாணலியிலேயே முடித்துக்கொள்ளலாம்.