“நீயாத்தானே வந்தே?” என்று கேட்டால் வாயடைத்துப் போகாதீர்கள்

வெளிநாட்டு வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் பேசத் தொடங்கினாலே முதலில் வருவது இதுதான்: “யாரும் என்னைக் கட்டி இழுத்துட்டு வரல. நானே விமானம் ஏறி வந்தேன். எந்த முகத்தோட புகார் கொடுக்க?” வேலைக்கு வைத்தவரும் அதையேதான் சொல்லி வாயை அடைப்பார்.

வாயில் துணி திணித்து வண்டியில் போட்டுப் போனால்தான் கடத்தல் என்று சினிமா பார்த்துப் பழகிவிட்டோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஒருவரைப் பலவந்தமாகப் போகவைப்பதையும் ஏமாற்றிப் போகத் தூண்டுவதையும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 362-ஆம் பிரிவு ஒரே வாக்கியத்தில் வைத்திருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 138-ஆம் பிரிவு. அமெரிக்காவின் 1932-ஆம் ஆண்டு கடத்தல் சட்டத்திலும் பிடித்து இழுப்பதோடு ஆசைகாட்டி அழைத்துப் போவதும் சேர்ந்தே இருக்கிறது.

நமக்கு அதிகம் உதவுவது ஆள்கடத்தலைப் பற்றி, அதாவது சுரண்டுவதற்காக ஆட்களைக் கொண்டுபோவதைப் பற்றி, ஐ.நா. 2000-ல் ஏற்ற பலெர்மோ நெறிமுறை. அது மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: ஆளைச் சேர்த்தார்களா, கொண்டுவந்தார்களா என்பது ஒன்று, மிரட்டலா, பலவந்தமா, ஏமாற்றா என்பது இரண்டு, கட்டாய உழைப்பு போன்ற சுரண்டல்தான் நோக்கமா என்பது மூன்று. ஏமாற்றி வாங்கிய சம்மதம் அங்கே செல்லாது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் ஏமாற்றினார்கள் என்றுகூடக் காட்டத் தேவையில்லை. தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டவர்களும் தாங்களே விமானம் ஏறியவர்கள்தான்.

அதற்காக எல்லாப் பொய்யும் ஆள்கடத்தல் ஆகிவிடாது. சொன்னதைவிடச் சம்பளம் குறைவு, ஆனால் விட்டுப் போக வழி இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் தொழிலாளர் துறையிடம் கொண்டுபோக வேண்டிய தகராறு. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, “செலவுப் பணத்தைக் கட்டிட்டுப் போ” என்று சொல்லி, வெளியே போகவும் விடாமல் தடுத்தால் கதையே வேறு.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வந்து இறங்கிய இரவு, தூக்கக் கலக்கத்தில் நிற்கும்போது, “இது சும்மா ஃபார்மாலிட்டி” என்று இரண்டாவது ஒப்பந்தத்தை நீட்டுவார்கள். வேலை வேறு, சம்பளம் வேறு, மொழியும் புரியாது. கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? சரி, அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. பழைய வாக்குறுதிக்கும் புதிய தாளுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் பக்கத்துச் சாட்சி.

அதனால் ஏஜென்ட் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கோபத்தில் அழிக்காதீர்கள். பேசியதற்கெல்லாம் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விளம்பரம், முதல் ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். போனைப் பிடுங்கினாலும் அவை தப்பிக்கும்.

அப்புறம், உள்ளே இருந்துகொண்டே “போலீசுக்குப் போவேன்” என்று வீரம் பேச வேண்டாம். முதலில் பாதுகாப்பான இடம், பிறகு புகார். பாஸ்போர்ட் கையில் இல்லாவிட்டாலும் தூதரகத்துக்குப் போகலாம். விசா போய்விடுமே என்று பயந்தால், அந்த நாட்டில் ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தனி அனுமதி இருக்கிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள். அமெரிக்காவில் டி விசா இதற்கென்றே இருக்கிறது.