ஏபிஐ கருவிகளின் விளக்கத்தை ஏஐ ஏஜென்டுகளுக்கு ஏற்ப எழுதுவது எப்படி?

கேள்வி

வணக்கம். இன்வாய்ஸ்களை நிர்வகிக்கும் ஏபிஐ (பிற மென்பொருள்கள் அழைத்துப் பயன்படுத்தும் இடைமுகம்) ஒன்றை எங்கள் குழு பராமரித்து வருகிறது. ஏபிஐகளை விவரிக்கும் பொது வடிவமான ஓபன்ஏபிஐ 3.1-இல் அதன் ஆவணம் முழுமையாகவே உள்ளது. அதைப் படித்து நிரல் எழுதும் டெவலப்பர்களிடமிருந்து பெரிய புகார் எதுவும் வந்ததில்லை. அண்மையில் அந்தக் கோப்பிலிருந்தே கருவிகளைத் தானியங்கியாக உருவாக்கி, எம்சிபி (ஏஐ மாடல்களை வெளிக் கருவிகளுடன் இணைக்கும் நெறிமுறை) சர்வர் மூலம், மொழி மாடலின் துணையுடன் தாமே கருவிகளை அழைத்து வேலை செய்யும் ஏஐ ஏஜென்டுகளுக்குத் திறந்துவிட்டோம். சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது. "இந்த வாடிக்கையாளர் இன்னும் பணம் செலுத்தாத இன்வாய்ஸ்களைக் காட்டு" என்று கேட்டால், வடிகட்டித் தேடும் கருவி இருக்கும்போதே, எல்லாவற்றையும் பட்டியலிடும் கருவியை ஏஜென்ட் பக்கம் பக்கமாக அழைக்கிறது. வாடிக்கையாளர் ஐடி தெரியாவிட்டால் அவருடைய பெயரையே ஐடியாக அனுப்பிவிடுகிறது. கோரிக்கை தவறு என்று பொருள்படும் 400 பிழை வந்தால், எதையும் மாற்றாமல் அதே அழைப்பை மீண்டும் அனுப்புகிறது.

மனிதர்களுக்கு ஓர் ஆவணம், ஏஜென்டுகளுக்கு வேறோர் ஆவணம் என்று இரண்டாகப் பராமரிக்க வேண்டுமா? ஒரு கருவியின் விளக்கம் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

மறுமொழி 1

டெவலப்பர் ஒருவர் அறிமுகப் பக்கத்தையும் எடுத்துக்காட்டுகளையும் படித்து, அமைப்பு முழுவதையும் ஓரளவு மனத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முதல் அழைப்பை எழுதுகிறார். ஏஜென்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எந்தக் கருவியை அழைப்பது என்று முடிவு செய்யும் நேரத்தில் உங்கள் ஏபிஐ பற்றி மாடலுக்குத் தெரிவது, பெரும்பாலும் கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் ஜேசன் ஸ்கீமா (எந்தப் புலத்தில் எவ்வகை மதிப்பு வர வேண்டும் என்ற வரையறை) ஆகியவை மட்டுமே. இணையதளத்தில் எவ்வளவு அருமையாக எழுதி வைத்திருந்தாலும், இந்த மூன்றுக்குள் வராத தகவல் அதற்குப் போய்ச் சேர்வதில்லை.

உங்கள் கருவிகளில் ஒன்றின் விளக்கம் "இன்வாய்ஸ்களைத் தேடுகிறது" என்றும் மற்றொன்றின் விளக்கம் "இன்வாய்ஸ்களைத் தருகிறது" என்றும் இருக்கும் என ஊகிக்கிறேன். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று மனிதராலும் சொல்ல முடியாது. தேடல் கருவிக்கு நான் இப்படி எழுதுவேன்: "குறிப்பிட்ட வாடிக்கையாளருக்கோ காலவரம்புக்கோ உரிய இன்வாய்ஸ்களைத் தேட இதைப் பயன்படுத்தவும். வாடிக்கையாளரின் பெயர் மட்டும் தெரிந்தால், முதலில் வாடிக்கையாளர் தேடல் கருவியை அழைத்து ஐடியைப் பெறவும். இன்வாய்ஸ் எண் ஏற்கெனவே தெரிந்திருந்தால் இந்தக் கருவி தேவையில்லை. இன்வாய்ஸில் உள்ள பொருள்வாரி விவரங்களை இது தராது." கடைசி வாக்கியத்தைப் பலரும் எழுதுவதில்லை. கருவி எதைத் தராது என்று சொல்லாவிட்டால், வராத தகவலை எதிர்பார்த்து ஏஜென்ட் அதையே சுற்றிச் சுற்றி அழைக்கும்.

ஸ்கீமாவிலும் இதே கவனம் வேண்டும். 03/04/2025 என்பது மார்ச் 4 ஆகவும் இருக்கலாம், ஏப்ரல் 3 ஆகவும் இருக்கலாம். எனவே தேதிகளுக்கு ஐஎஸ்ஓ 8601 வடிவத்தைக் கட்டாயமாக்கி, 2025-04-03 என்று ஓர் எடுத்துக்காட்டையும் புலத்தின் விளக்கத்திலேயே தந்துவிடுங்கள். தொகையை நாணயத்தின் மிகச் சிறிய அலகில் ஏற்கும் ஏபிஐ என்றால் 1500 என்பது ஆயிரத்து ஐந்நூறா, பதினைந்தா என்பதைச் சொல்லாமல் விடவே கூடாது. நிலை என்னும் புலத்துக்கு எந்தச் சொல்லையும் ஏற்காமல், செல்லுபடியாகும் மதிப்புகளை வரையறுத்துப் பட்டியலிடுங்கள். "நிலுவை" என்பதில் கெடு தாண்டியவையும் அடங்குமா என்று அங்கேயே விளக்குங்கள்.

இரண்டு ஆவணங்கள் தேவையில்லை. ஓபன்ஏபிஐ கோப்பில் உள்ள விளக்கங்களையே இப்படித் திருத்தினால் மனிதர்களுக்கும் நல்லதுதான்.

மறுமொழி 2

மேலே உள்ளவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒரே கோப்பு போதும் என்பதை மட்டும் ஏற்கத் தயங்குகிறேன். ஒவ்வொரு எண்ட்பாயின்டையும் (ஏபிஐயில் அழைக்கக்கூடிய ஒவ்வொரு முகவரியையும்) ஒரு கருவியாக்கினால், குறை விளக்கத்தில் இல்லை, அமைப்பிலேயே இருக்கிறது. ஏபிஐ, இன்வாய்ஸ், வாடிக்கையாளர் போன்ற வளங்களைச் சார்ந்து பிரிக்கப்பட்டிருக்கிறது. ஏஜென்டுக்கோ வேலையைச் சார்ந்த கருவி தேவை. பெயரையோ ஐடியையோ ஏற்று, வாடிக்கையாளரைக் கண்டறிந்து, அவருடைய நிலுவைகளைத் திருப்பித் தரும் ஒரே கருவி இருந்தால், ஐடியை ஊகிக்கும் சிக்கலே எழாது. கருவிகளின் விளக்கங்கள் அனைத்தும் மாடலின் கான்டெக்ஸ்டில் (அது ஒரே நேரத்தில் கருத்தில் கொள்ளும், அளவுக்கு உட்பட்ட உரையில்) இடம்பிடிக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். ஒன்றுபோல் ஒலிக்கும் கருவிகள் கூடக்கூடத் தேர்விலும் தடுமாற்றம் கூடும்.

அதே அழைப்பைத் திரும்ப அனுப்புவதற்குக் காரணம் உங்கள் பிழைச் செய்தியாகத்தான் இருக்கும். "தவறான கோரிக்கை" என்பதிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. "வாடிக்கையாளர் ஐடி புலத்தில் பெயர் வந்துள்ளது, வாடிக்கையாளர் தேடல் கருவி தரும் ஐடியை அனுப்பவும்" என்று எழுதினால் அதுவே அடுத்த அடிக்கான வழிகாட்டி ஆகிவிடும். பிழைகளுக்கு ஒரு சீரான வடிவம் வேண்டுமென்றால், ஏபிஐ பிழைகளை விவரிப்பதற்கென 2023-இல் வெளியான ஆர்எஃப்சி 9457 என்னும் இணையத் தர ஆவணம் இருக்கிறது. எம்சிபியில் இத்தகைய பிழைகளை நெறிமுறைப் பிழையாக அனுப்பாமல், கருவியின் விடைக்குள்ளேயே பிழைக் குறியுடன் அனுப்ப வேண்டும். மாடல் அதைப் படித்துத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். கோரிக்கைகள் அளவுமீறிவிட்டன என்று பொருள்படும் 429 பிழை வரும்போது எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பதிலின் ஹெட்டரில் (செய்திக்கு வெளியே உடன்வரும் தகவலில்) மட்டும் இருந்தால் மாடல் அதைப் பார்க்காமலே போகலாம். ஆகவே அந்த எண்ணிக்கையைச் செய்தியிலும் எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இன்வாய்ஸை ரத்து செய்யும் கருவியும் இருக்கிறது. அதை மீளப்பெற முடியாது. "பயனரிடம் உறுதி கேட்ட பின்னரே அழைக்கவும்" என்று விளக்கத்தில் எழுதினால் போதுமா?

மறுமொழி 3

போதாது, ஆனாலும் எழுதுங்கள். விளக்கம் என்பது மாடலுக்குத் தரும் அறிவுரையே தவிர, பூட்டு அன்று. எம்சிபியில் ஒரு கருவி தரவை வாசிக்க மட்டும் செய்கிறதா, அழிவை உண்டாக்கக்கூடியதா, மீண்டும் அழைத்தாலும் விளைவு மாறாததா என்று குறிக்க அடையாளங்கள் உள்ளன. அவற்றை நிரப்பினால் கிளையன்ட் மென்பொருள் உறுதிப்படுத்தும் திரையைக் காட்ட உதவும். வாசிக்க மட்டுமேயான கருவியை அப்படிக் குறிக்காமல் விட்டால், அது தரவை மாற்றக்கூடியது என்றே இயல்பாகக் கொள்ளப்படும் என்பதால், உங்கள் தேடல் கருவிக்கும்கூட அனுமதி கேட்கப்படலாம். இருந்தாலும் இவையும் வெறும் குறிப்புகளே. உண்மையான தடை சர்வரில்தான் இருக்க வேண்டும்: ரத்து செய்யும் உரிமை இல்லாத டோக்கனை (அணுகல் சாவியை) ஏஜென்டுக்குக் கொடுங்கள், அல்லது ரத்தை இரண்டு படிகளாக்கி, இரண்டாவது படியை மனிதர் மட்டுமே முடிக்கும்படி செய்யுங்கள். புதிய இன்வாய்ஸ் உருவாக்கும் கருவிக்கு ஐடெம்பொடென்சி கீ (ஒரே கோரிக்கை மறுபடி வந்தால் அடையாளம் காட்டும் தனிக் குறியீடு) ஒன்றையும் சேர்த்துவிட்டால், பதில் வராமல் டைம்அவுட் ஆன பிறகு ஏஜென்ட் மறுபடி அழைத்தாலும் இரட்டை இன்வாய்ஸ் உருவாகாது.

விளக்கத்தின் நீளத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்று நான்கு வாக்கியங்களில் தொடங்குங்கள். பயனர்கள் உண்மையில் கேட்ட கேள்விகளை எடுத்து ஏஜென்டிடம் கொடுத்து, அது எந்தக் கருவியை எந்த உள்ளீடுகளுடன் அழைத்தது என்ற பதிவை வரிவரியாகப் படியுங்கள். எங்கே வழி தவறுகிறதோ அங்கே மட்டும் ஒரு வாக்கியம் சேர்க்கலாம். சில கேள்விகளைத் திருத்தத்துக்குப் பயன்படுத்தாமல் தனியே ஒதுக்கி வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அவற்றைக் கொண்டு சோதியுங்கள். இல்லாவிட்டால் விளக்கம் அந்தச் சில கேள்விகளுக்கு மட்டுமே பொருந்தும்படி வளைந்துவிடும். மாடலின் பதிப்பு மாறும்போதும் இதே சோதனையை மீண்டும் ஓட்ட வேண்டியிருக்கும்.