தரம் 5 பிள்ளைகளில் ஏழெட்டுப் பேருக்கு மட்டும்தான் படிப்பா?

பனிமூட்டம்: ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு அதிபராக வந்திருக்கிறேன். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி எடுத்துத் தேறக்கூடிய ஏழெட்டுப் பேருக்குத்தான் முன்வாங்கு, பின்னேர வகுப்பு எல்லாம். மற்றவர்கள் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதோடு சரி. பேச்செடுத்தால் ஆசிரியர்கள் "வெட்டுப்புள்ளிக்கு யார் சேர் பதில் சொல்வது?" என்கிறார்கள். எங்கே தொடங்குவது?

லயத்துப்பையன்: கடைசி வாங்கில் போய் உட்காருங்கள் சேர். கொப்பியில் முத்து முத்தாக எழுதியிருக்கும், வாசிக்கச் சொன்னால் வாய் திறக்காது. முதல் பாடவேளையை வாசிப்புக்கு ஒதுக்கி, தரத்தைப் பார்க்காமல் யாருக்கு எவ்வளவு வாசிக்க வருகிறதோ அதன்படி பிரித்து உட்கார வையுங்கள்.

கொட்டகலை டீச்சர்: பைலோடு வந்து பின்னால் நின்று குறிப்பெடுக்கும் அதிபரைக் கண்டால் எங்களுக்கே பாடம் மறந்துவிடும். முதலில் நீங்கள் ஒரு பாடம் எடுங்கள், நாங்கள் பார்க்கிறோம். அப்புறம் பெற்றோர் கூட்டம்! காலை பத்து மணிக்கு வைத்தால் கொழுந்தெடுக்கும் அம்மா அரைப்பேரை, அதாவது அரைநாள் சம்பளத்தை, விட்டுவிட்டா வருவார்? பின்னேரம் கோயிலடியில் வையுங்கள்.

மலைக்காற்று: புலமைப்பரிசிலைக் கைவிடச் சொல்லாதீர்கள், இல்லாத வீட்டுக்கு அந்த உதவிப்பணமும் நகரப் பாடசாலை இடமும் பெரிய விஷயம். பின்னேர வகுப்பை எல்லோருக்கும் திறந்துவிடுங்கள், அவ்வளவுதான்.

பனிமூட்டம்: சரி டீச்சர், திங்கள் தரம் 4 கணிதம் நான் எடுக்கிறேன்.