கேம் நிறுவனங்களின் சண்டை உங்களைத் தொட்ட தருணம் எது? அனுபவங்களைச் சொல்லுங்கள்

பிக்சல்பித்தன்:

நானே ஆரம்பிக்கிறேன். 2013 ஜூன், இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சி. நேரலை பார்க்கத் தம்பியும் நானும் தூங்காமல் உட்கார்ந்திருந்தோம். எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற தன் புதிய கன்சோல் (டிவியோடு இணைத்து கேம் விளையாடும் பெட்டி) பற்றி மைக்ரோசாஃப்ட் முன்பே சொல்லியிருந்தது: 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அது இணையத்தில் தலைகாட்ட வேண்டும், வாங்கிய கேம் உங்கள் கணக்கோடு கட்டிப்போடப்படும், அடுத்தவருக்குக் கொடுப்பதற்கும் விதிமுறை உண்டு. கண்காட்சியில் சொன்ன விலை 499 டாலர். அதே நாள் சோனி மேடையேறி, எங்கள் பிளேஸ்டேஷன் 4 விலை 399 டாலர், கைமாறி வந்த டிஸ்க்கும் தாராளமாக ஓடும் என்றது. அரங்கம் அதிர்ந்தது. கூடவே அரை நிமிஷம்கூட ஓடாத ஒரு வீடியோ: ‘எங்கள் கன்சோலில் கேமைப் பகிர்ந்துகொள்வது எப்படி?’ ஒருவர் டிஸ்க் பெட்டியை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் பாடம்.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எங்கள் வீட்டில் இருந்த டிஸ்க்குகளில் முக்கால்வாசி கைமாறி வந்தவை. ஒன்பதே நாளில் மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. ஆனால் பாருங்கள், டிஸ்க் போடும் துளையே இல்லாத கன்சோல்களை 2020-லிருந்து இரண்டு பேருமே விற்கிறார்கள். சிரித்த தம்பிதான் அதில் ஒன்றை முதலில் வாங்கினான்.

பழைய கார்ட்ரிட்ஜ்:

தம்பி, நான் அதற்கும் முந்தைய சண்டையின் ஆள். சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் கன்சோல் வைத்திருந்தேன். கன்ட்ரோலருக்குள் செருகும் மெமரி கார்டிலேயே சின்னதாக ஒரு திரை இருக்கும். இணையத்தோடு இணைய மோடமும் உண்டு. அந்தக் காலத்துக்கு அது கொஞ்சம் அதிகப்படிதான்! 2000-இல் சோனியின் பிளேஸ்டேஷன் 2 வந்தது. கேமோடு டிவிடி படமும் ஓட்டும் என்றதும் என்னைச் சுற்றி எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். 2001 ஜனவரியில், இனி கன்சோல் தயாரிப்பதில்லை என்று சேகா அறிவித்துவிட்டது. அந்த வருஷம் முடிவதற்குள்ளேயே சேகாவின் அடையாளமே ஆன ‘சோனிக்’ என்ற பாத்திரத்தின் கேம் ஒன்று, போட்டி நிறுவனமான நிண்டெண்டோவின் கேம்கியூப் கன்சோலுக்கு வந்தது. பின்னால் ஒரு நண்பன் வீட்டில் அதைப் பார்த்தபோது, நம் பிள்ளை பங்காளி வீட்டில் வேலைக்கு நிற்பதைப் பார்த்த மாதிரி இருந்தது.

இத்தனைக்கும் சோனியை இந்தக் களத்துக்கு இழுத்து வந்ததே நிண்டெண்டோதான். நிண்டெண்டோ கன்சோலுக்கு இரண்டும் சேர்ந்து சிடி டிரைவ் செய்வதாக இருந்தார்கள். 1991-இல் சிகாகோ கண்காட்சியில் சோனி அதை அறிவித்த மறுநாளே, நாங்கள் பிலிப்ஸோடு போகிறோம் என்றது நிண்டெண்டோ. மூன்றரை வருஷத்தில் பிளேஸ்டேஷன் வந்து நின்றது.

நாலுபேர்ஸ்டூடியோ:

நான் கேம் செய்பவன். பெயருக்கேற்ற மாதிரி நாங்கள் நாலே பேர். எங்களைத் தொட்டது கன்சோல் சண்டை கிடையாது, கடைச் சண்டை.

2018 டிசம்பரில் எபிக் என்ற கேம் நிறுவனம் தன் ஆன்லைன் கேம் கடையைத் திறந்து, விற்பனையில் 12 சதவீதம் எடுத்துக்கொண்டால் போதும் என்றது. கணினி கேம்களின் பெரிய ஆன்லைன் கடையான ஸ்டீம் அதுவரை 30 எடுத்துவந்தது. எபிக் திறப்பதற்குச் சில நாள் முன்னால் ஸ்டீமும் கொஞ்சம் இறங்கி வந்தது. 1 கோடி டாலருக்கு மேல் விற்றால் 25 சதவீதம், 5 கோடி டாலரைத் தாண்டினால் 20. நாங்கள் நாலு பேரும் அதைப் படித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 1 கோடி டாலரா! வாடகைக்கே மாதாமாதம் திண்டாட்டம்.

அப்புறம் ஒரு கடையிலிருந்து அழைப்பு வந்தது. எந்தக் கடை என்று கேட்காதீர்கள், ஒப்பந்தத்தில் வாய்ப்பூட்டு இருக்கிறது. வீடியோ காலில் வந்தவர் நல்ல மனிதர். கேமை விளையாடியிருந்தார், இரண்டாவது லெவல் பிடித்தது என்றார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி: “மற்ற கடையில் எத்தனை பேர் விஷ்லிஸ்ட்டில் போட்டிருக்கிறார்கள்?” அதாவது, வெளிவந்ததும் வாங்கலாம் என்று எத்தனை பேர் குறித்துவைத்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். இத்தனை பிரதிகள் விற்கும் என்று ஒரு கணக்கு வைத்து, அதற்கான பணத்தை முன்கூட்டியே தந்துவிடுவார்கள். விற்பனை அதைத் தாண்டினால்தான் மேற்கொண்டு வரும். தாண்டாவிட்டாலும் திருப்பித் தர வேண்டாம். பதிலுக்கு ஒரு வருஷம் கேம் வேறெங்கும் வரக்கூடாது. அந்தத் தொகை எங்கள் நாலு பேருக்கும் பதினாலு மாதச் சம்பளம். அனிமேஷன் செய்கிறவர் மூன்று மாதமாகச் சம்பளமே எடுக்காமல் இருந்தார். கையெழுத்துப் போட்டோம்.

விஷ்லிஸ்ட் எண்ணிக்கையைத் தினமும் காலையில் எக்செலில் ஏற்றுவது என் வழக்கம். கூடினால் அந்தக் கட்டம் பச்சை, குறைந்தால் சிவப்பு. இரண்டு வருஷமாகச் சிவப்பையே பார்த்ததில்லை. செய்தி வெளியான மறுநாள் பார்த்தேன். அன்றைக்கு வந்த மெயில்களில் ஒன்று: “முதல் டீசரிலிருந்து உங்களைப் பின்தொடர்கிறேன். என்னை விற்றுவிட்டீர்கள்.” கோபம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. அவர் சொன்னது சரிதான். முன்பணம் கொடுத்தவர்கள் விலை பேசியது இன்னொரு கடை வாசலில் நின்ற வரிசைக்கு. அந்த வரிசையில் அவரும் இருந்தார்.

பழைய டெஸ்டர்:

எனக்குச் சின்னக் கதைதான். நான் வேலை செய்த ஸ்டூடியோவை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. முதல் நாள் கேக் வெட்டினார்கள், புது லோகோ போட்ட டிஷர்ட் கொடுத்தார்கள், எதுவும் மாறாது என்றார்கள். அந்த வாரமே மெயில் முகவரி மாறியது. கேமில் நாங்கள் கண்டுபிடித்த பிழைகளின் பட்டியல், அதாவது பக் பட்டியல், வேறொரு மென்பொருளுக்குப் போனதில் பழைய பக்குகள் பாதி காணாமல் போயின. ஒன்றரை வருஷத்தில் நானும் காணாமல் போனேன். டிஷர்ட் இன்னும் இருக்கிறது, வண்டி துடைக்க நன்றாக இருக்கிறது.

கோர்ட்டுப்பறவை:

நான் விளையாடுவதைவிட வழக்குகளைப் படிப்பதுதான் அதிகம். ‘கால் ஆஃப் டியூட்டி’ கேமை வைத்திருக்கும் ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனத்தை 6,870 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2022 ஜனவரியில் அறிவித்ததே, அதைத் தடுக்க அமெரிக்க வர்த்தக ஆணையம் நீதிமன்றம் போனது. 2023 ஜூனில் ஐந்து நாள் விசாரணை. அத்தனை பெரிய நிறுவனங்களும் அத்தனை வக்கீல்களும், பெரும்பாலும் ‘கால் ஆஃப் டியூட்டி’ என்ற ஒரே துப்பாக்கி விளையாட்டைச் சுற்றித்தான் வந்தார்கள். அது பிளேஸ்டேஷனில் தொடருமா, தொடராதா?

எனக்கு மறக்காதது வேறு. சோனி தாக்கல் செய்த ஓர் ஆவணத்தில் ரகசிய எண்களைக் கறுப்பு மார்க்கரால் அடித்திருந்தார்கள். ஸ்கேன் செய்தபோது அந்தக் கறுப்பு மையின் அடியில் எழுத்து தெரிந்துவிட்டது! சோனியின் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2’ கேம் செய்ய 22 கோடி டாலர். நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். இரண்டு தரப்பும் ஏன் இப்படி உருண்டு சண்டை போடுகிறார்கள் என்று அந்த எண்ணைப் பார்த்துத்தான் புரிந்தது. அவ்வளவு செலவு செய்த கேம் ஒன்று சறுக்கினால்கூடத் தாங்காது. அதனால்தான் தானாக விற்கும் பெயர்களை எந்த விலை கொடுத்தும் வாங்கப் பார்க்கிறார்கள்.

ஆணையம் கேட்ட தடையுத்தரவை நீதிபதி தரவில்லை. பிரிட்டன் கிளவுட் கேமிங்கை, அதாவது தொலைவில் உள்ள கணினியில் ஓடும் கேமை இணையம் வழியாக விளையாடுவதைக் காரணம் காட்டி முட்டுக்கட்டை போட்டது. கிளவுட் உரிமையை யூபிசாஃப்ட் என்ற இன்னொரு கேம் நிறுவனத்துக்குக் கொடுத்த பிறகே 2023 அக்டோபரில் விற்பனை முடிந்தது. இத்தனையும் ஆனபின் 2024 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டே தன் கேம்கள் நான்கைப் போட்டிக் கன்சோல்களுக்குக் கொடுப்பதாக அறிவித்தது. படித்துவிட்டு அந்த ஐந்து நாள் குறிப்புகளையெல்லாம் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன்.

பிக்சல்பித்தன்:

நாலுபேர் நண்பரே, அந்த ஒரு வருஷம் முடிந்தபின் என்ன ஆயிற்று? அவர் திரும்பி வந்தாரா?

நாலுபேர்ஸ்டூடியோ:

வருஷம் முடிந்த அன்றே மற்ற கடையிலும் ஏற்றினோம். முன்பணக் கணக்கை விற்பனை தாண்டவே இல்லை, ஆனால் அடுத்த கேமைத் தொடங்கிவிட்டோம். மெயில் எழுதியவர் வந்தாரா என்று தெரியாது. அன்றைக்கு வந்த முதல் விமர்சனம் மட்டும் நினைவிருக்கிறது: “ஒரு வருஷம் வீம்புக்கு வாங்கவில்லை. இரண்டாவது லெவல் அருமை. தள்ளுபடி எப்போது?”