மூளை இருக்கிறதா என்று கேட்டால் அங்கேயே பதில் சொல்ல வேண்டுமா?

நூல்கண்டு:
திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் புது டி-ஷர்ட் ஆர்டருக்கு மீட்டிங். துணிக் கணக்கு ஷீட்டில் 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) என்று வைத்து 2,000 கிலோ போட்டிருந்தார்கள். பையர் கேட்டது 180. அப்படியென்றால் 2,250 கிலோ வேண்டும். அதைச் சொன்னேன். ஆர்டரைக் கவனிக்கிற மெர்சண்டைசர் ஷீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா, மூளை இருக்கிறவங்க பாத்துக்குவாங்க" என்றார். ஆறேழு பேர் இருந்தோம். இரண்டு பேர் சிரித்தார்கள்.

காது இரண்டும் சூடாகிவிட்டது. வாய் எழவில்லை. ராத்திரி பாத்திரம் கழுவும்போது பதில் பதிலாக வந்தது. அப்புறம் இன்றுவரை, நன்றாகத் தெரிந்ததைக்கூட இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். அங்கேயே திருப்பிக் கேட்டிருக்க வேண்டுமா?

தெற்குவாசல்:
கேட்டிருக்க வேண்டும் சகோதரி. "மூளை இருக்கட்டும் சார், 180-ஐ 160-ஆல் வகுத்தால் எவ்வளவு?" என்று ஒரு வரி போதும். ஒருவனைத் திருடன் என்றால் கோபப்படுவோம், மறுப்போம். முட்டாள் என்றால் மட்டும் ஒரு நிமிடம் "இருக்குமோ" என்று நமக்கே தோன்றுகிறது. பேசாமல் இருந்தால் அந்தச் சந்தேகம் உள்ளேயே தங்கிவிடும். உங்களுக்கு இப்போது நடப்பது அதுதான்.

விண்மீன்:
எனக்கு உடன்பாடில்லை. திருப்பிப் பேசியிருந்தால் "பாரு, கோபம்தான் வருது" என்று அதையும் அவர்கள் பக்கம் சேர்த்திருப்பார்கள். வேலை பேசட்டும் என்று விட்டதுதான் சரி.

விஞ்ஞானி சுப்ரமணியன் சந்திரசேகரை (சந்திரா என்பார்கள்) நினைத்துக்கொள்ளுங்கள். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மாநிலக் கல்லூரி வழியாகக் கேம்பிரிட்ஜ் போனவர். சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் ஒரு நட்சத்திரம், எரிபொருள் தீர்ந்து சுருங்கும்போது, வெள்ளைக் குள்ளன் என்கிற சின்ன நட்சத்திரமாக அடங்கி நிற்க முடியாது என்பது அவர் போட்ட கணக்கு. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகத்தில் அதைச் சொன்னார். வயது 24. அடுத்து எழுந்தவர் எடிங்டன், அந்தத் துறையின் பெரிய தலை. நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்றார். சபை சிரித்தது. சந்திரா சண்டைக்குப் போகவில்லை. எடிங்டன் மேல் கடைசிவரை மரியாதை வைத்திருந்தார். 1983-ல் நோபல் பரிசு வந்தது.

மேட்டுப்பாளையத்தான்:
எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் என்னை "மக்குப் பிளாஸ்திரி" என்று வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார். அந்த ரோஷத்தில்தான் படித்தேன். இன்று எஞ்சினியர். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. ரோஷம் ஒரு நல்ல எரிபொருள், சகோதரி. அதை வீணாக்காதீர்கள்.

கரிசல் டீச்சர்:
தம்பி, உன் ரோஷத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 22 வருடம் பாடம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு பிள்ளை ரோஷப்பட்டுப் படித்தால் அதே பெஞ்சில் இன்னும் நாலு பிள்ளைகள் கை தூக்குவதை நிறுத்திவிடும். அவர்கள் பிற்காலத்தில் வந்து "வாத்தியார் திட்டினார், நான் நின்றுபோனேன்" என்று எழுதுவதில்லை. அதனால் உன் மாதிரிக் கதைகள் மட்டும்தான் நம் காதுக்கு வருகின்றன. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் அடிப்பதோடு சேர்த்து மன உளைச்சல் தருவதையும் தடை செய்தது இதனால்தான்.

புகழ்ச்சிகூட இப்படி வேலை செய்யும். 1998-ல் மியூல்லர், டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள், அடுத்து கடினமான புதிர்களில் தோற்றதும் சீக்கிரம் சோர்ந்தார்கள். "நன்றாக முயற்சி செய்தாய்" என்று கேட்டவர்கள் அந்த அளவுக்குச் சோரவில்லை. மதிப்பு முழுவதையும் மூளையில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அதில் ஒரு கீறல் விழுந்தால் தாங்காது. நூல்கண்டு, நீங்கள் சின்ன வயதில் "கெட்டிக்காரி" என்று பேர் வாங்கியவரா?

அப்புறம் விண்மீன் ஐயா, சந்திரா கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். அவர் பேசாமல் இருந்தவர் இல்லை. அதே 1935-ல் பாரிஸில் சர்வதேச வானியல் மாநாடு. எடிங்டன் திரும்பவும் இதைத் தாக்கிப் பேசினார். பதில் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்று தலைமை வகித்த ரஸ்ஸலுக்குச் சந்திரா சீட்டு எழுதி அனுப்பினார். வேண்டாம் என்று வந்தது பதில். பாவ்லி போன்ற பெரிய இயற்பியலாளர்கள் சந்திரா பக்கம்தான் நியாயம் என்று தனியாகச் சொன்னார்கள். வெளியே வந்து ஒரு வரி எழுதித் தர யாரும் முன்வரவில்லை. கடைசியில் அவர் எல்லாவற்றையும் 1939-ல் ஒரு புத்தகமாக எழுதி முடித்துவிட்டு அந்த ஆராய்ச்சியையே விட்டுப் போனார். நோபல் வர 48 வருடம். இதைப் பொறுமைக்கு உதாரணமாகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

விண்மீன்:
பாரிஸ் விஷயம் எனக்குத் தெரியாது, டீச்சர். ஆனாலும் கேட்கிறேன். அவர் அங்கே எழுந்து கத்தியிருந்தால் என்ன மாறியிருக்கும்? வேறு துறைக்குப் போய் அங்கேயும் பெரிய வேலை செய்தார். கசப்பை வளர்க்கவில்லை. அதை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன்.

தெற்குவாசல்:
நான் இதுவரை திட்டியவர், திட்டு வாங்கியவர் என்று இரண்டு பேரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் சொன்னதைப் படித்த பிறகு மூன்றாவது ஆளைப் பார்க்கிறேன். நூல்கண்டு, அந்த அறையில் நீங்கள் சொன்னது சரி என்று தெரிந்தவர் வேறு யாராவது இருந்தார்களா?

நூல்கண்டு:
டீச்சர், ஆமாம். பத்தாவது வரை நான்தான் வகுப்பில் முதல். அப்பா இல்லாததால் மேலே படிக்கவில்லை. "படிச்சிருந்தா எங்கேயோ போயிருப்பே" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். அதில்தான் அடி விழுந்திருக்கிறது போல.

தெற்குவாசல் அண்ணா கேட்டதற்கு வருகிறேன். மறுநாளே அந்த ஷீட்டில் 2,250 என்று மாற்றியிருந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு நாள் கழித்து கட்டிங் மாஸ்டர் டீக்கடையில் பார்த்தபோது, "நீ சொன்னப்பவே எனக்குத் தெரியும் பாப்பா, நீ சொன்னதுதான் சரி" என்றார். 30 வருட அனுபவம் அவருக்கு. அந்த அறையில் அவர் ஒரு தடவை தலையை ஆட்டியிருந்தால் போதும். மெர்சண்டைசர் சொன்னதைவிட அந்த டீக்கடைப் பேச்சுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். போன மாதம் செக்கிங்கில் ஒரு வட மாநிலப் பெண் சேர்ந்தாள். அளவுச் சீட்டைத் தப்பாகப் படித்துவிட்டாள் என்று சூப்பர்வைசர் அவளை "மண்டையில களிமண்ணா" என்று கேட்டார். சீட்டில்தான் தப்பு, அவள் சரியாகத்தான் படித்தாள். நான் பக்கத்து டேபிளில் இருந்தேன். எனக்குத் தெரியும். நானும் பேசவில்லை. நாளைக்குக் காலையில் சூப்பர்வைசர் வந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு அவர் டேபிளுக்குப் போகப் போகிறேன்.

மேட்டுப்பாளையத்தான்:
அந்த அளவுச் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள் சகோதரி.